சட்டை மாத்திட்டாரா?

“வேண்டாம்மா” என்றார் டெய்லர் ஐயா. குரல் அவருடையதுதான். ஆனால் அது வரவேண்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழேயிருந்து வந்த மாதிரி அவளுக்குப் பட்டது.

சூப் கிண்ணத்தோடு கட்டிலருகே கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கழுத்துவரை போர்வை, அதற்கு மேல் நரைத்த பின்னந்தலை. வெளிச்சம் பட்டால் கண் எரிகிறது என்பதால் அறையில் ஒரே ஒரு சிவப்பு பல்பு. வெளியே புதன்கிழமை காலை பத்து மணி வெயில் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே அதற்கு அடையாளமே இல்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவளுக்குப் பதினெட்டு வருஷம். மூக்கால் பேசுகிறவர்கள், தொண்டைக்குள்ளேயே பேசிக்கொள்கிறவர்கள், பேச்சே வராதவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. பெரிய உடம்பு, படுக்கைக்குள் புதைந்து கிடக்கிறது, குரல் அப்படித்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் இந்த வீட்டுக்கு வந்தாள். ஐயாவின் மகள் சுற்றிக் காட்டினாள். தூங்கியே பல நாள் ஆனதுபோல் கண்கள் உள்ளே போயிருந்த பெண். ஒரு ஜன்னலும் திறக்காது. கண்ணாடிமேல் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் கெட்டித் திரை. மூலைக்கு மூலை வாளிகளில் தண்ணீர். காற்று காய்ந்தால் அப்பாவுக்கு மூச்சு முட்டும் என்றாள். சுவரில் கை வைத்தால் கையில் ஈரம் ஒட்டியது. ஊறப்போட்ட துணியை யாரோ நாலு நாள் மறந்துவிட்ட வாடை வீடு முழுக்க. வாசலில் இரும்பு கேட், அதற்கு வெளிப்பக்கம் பூட்டு.

“சாவி என்கிட்டதான் இருக்கும். தப்பா நினைக்காதீங்கக்கா. அப்பா ஒரு தடவை வெளிய போயிட்டார். தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.”

கேட்டுக்கு உள்பக்கம் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு கிடந்தது. யாருடையது என்று கேட்டாள். முன்னால் இருந்த ஆயாவுடையதாம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். செருப்பு போடாமலா போனாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்த முதல் நாளே எதற்குக் குடைச்சல் என்று விழுங்கிவிட்டாள்.

கிளம்பும்போது மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

“ஒண்ணே ஒண்ணுதான்கா. அப்பா சட்டை மாத்திட்டாரான்னு தினமும் போன் பண்ணிக் கேப்பேன். மாத்தலன்னா மாத்தலன்னு உண்மையைச் சொல்லிடுங்க. அந்த நேரத்துல நான் கூட இருக்கணும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷத்தில் அழுக்குச் சட்டையோடு நோயாளியைப் படுக்கவைத்தாள் என்று ஒருத்தர் அவளைச் சொன்னதில்லை. ஒரு சட்டை மாற்ற ரெண்டு பேர் வேணுமா? தையல்காரர் வீடு, சட்டை என்றால் தனி மரியாதை போல என்று நினைத்துக்கொண்டாள். அதற்கேற்ற மாதிரி ஹாலின் ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சட்டை அலமாரிதான். எல்லாம் ஐயாவே தைத்தது. இடது கோடியில் சாதாரண ஆள் போடும் அளவு. வலப்பக்கம் போகப் போக ஒவ்வொன்றும் ஒரு சுற்று பெரிது. கடைசிச் சட்டையை விரித்தால் ரெண்டு பேர் போர்த்திக்கொள்ளலாம். யாருக்காகத் தைத்தார் என்று தெரியவில்லை.

அலமாரிக்கு எதிரே மீன்தொட்டி. ஆறடி நீளம், கண்ணாடி மூடி, மூடிமேல் பாரத்துக்கு ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி. மேல்மட்டத்தில் ஆறு சின்ன மீன்கள் விர் விர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தன. அடியில், உடைந்த பானைக்குள் கொடுக்கன். கிரேஃபிஷ். இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்தவன் மாதிரி இருந்தான். உடம்பு இறால், முன்னால் நீண்ட ரெண்டு கொடுக்கு நண்டினுடையது. மீசை மட்டும் பானைக்கு வெளியே அசைந்துகொண்டிருக்கும், யார் வருகிறார்கள் என்று விசாரிப்பதுபோல.

திங்கட்கிழமை ஐயா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டே நன்றாகப் பேசினார்.

“சேர்த்து வளர்க்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. தாராளமா வளர்க்கலாம். இவன் சாதுதான். வயிறு ரொம்பியிருக்கணும், ஒளிய இடம் இருக்கணும், மூடி கனமா இருக்கணும். அவ்வளவுதான்.”

“அந்த மீனுங்களை ஒண்ணும் பண்ணலையே ஐயா?”

“அதுங்க மேலயே ஓடுதே, எட்டாது. தரையில படுக்கறது, அசைஞ்சு அசைஞ்சு போறது எல்லாம் போட்டா மறுநாள் இருக்காது. நான் போட்டுப் பார்த்திருக்கேன்.” திரும்பி அவளுடைய கால்களைப் பார்த்தார். முட்டிவலியால் அவள் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடப்பாள். “நீயும் மெதுவாத்தான் நடக்கறே.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு அவள் தோளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தோள் பதினஞ்சு” என்றார்.

“டேப்பே வைக்காம சொல்றீங்க!”

“நாப்பது வருஷம்மா. போன ஆயாவுக்குப் பதினாலு. பத்தவே இல்ல.”

துணியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், தைத்துக் கொடுத்திருக்கிறார், அந்த ஆயா சொல்லாமல் ஓடியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிடவில்லை. காலையில் உடம்பு துடைத்துவிடும்போது முதுகில் ஒரு கோடு பார்த்தாள். பிடரியில் தொடங்கி இடுப்புவரை நேராக, நூல் பிடித்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. படுக்கைப் புண்ணில் சேராது, சொறியிலும் சேராது. விரலால் தடவினால் ஓரங்கள் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றன. ஐயா “ஸ்ஸ்” என்றார். மருந்து தடவி, கோடு போட்ட சட்டையைக் கழற்றி, வெளுத்த வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். பத்து மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

“அப்பா சட்டை மாத்திட்டாரா?”

“மாத்திட்டார் மேடம். காலையிலயே.”

அந்தப் பக்கம் அழுகை கலந்த மூச்சு. “நிஜமாவா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கு என்ன மேடம் ஆகப்போகுது?”

“அப்பாடா! அப்ப இன்னும் ரெண்டு மாசத்துக்குக் கவலையில்ல. நான் ஒரு வேலையா வெளியூர் போறேன்கா. அங்க சிக்னல் கிடைக்காது. சனிக்கிழமை காலையில வந்து கேட்டைத் திறந்து விடறேன். நீங்க பொண்ணைக் கூப்பிடப் போகலாம்.”

ரெண்டு மாசம் என்றது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. மனசு முழுக்கச் சனிக்கிழமைதான் இருந்தது. அவளுடைய மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், எட்டு வயது. சனிக்கிழமை விடுமுறை விடுகிறார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டன் போனிலிருந்து கூப்பிடுவாள். கை எப்போதும் ஈரமாக இருக்கும் வேலை என்பதால் அவள் போன் எந்த நேரமும் ஸ்பீக்கரில்தான். போன விடுமுறைக்கு அவளால் போக முடியவில்லை. அப்போது வேலை பார்த்த வீட்டு நோயாளிப் பாட்டி அன்றைக்கென்று பார்த்து இறந்துபோனாள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவள் குட்டி மட்டும் வராந்தாவில் தன் டிரங்குப் பெட்டிமேல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததாம். வார்டன் சொன்னதைக் கேட்டு அவள் அழுத அழுகை கொஞ்சமில்லை. இந்தத் தடவை வானமே இடிந்தாலும் போயாக வேண்டும்.

“சனிக்கிழமை வந்துடுவேல்லம்மா?”

“கண்டிப்பா வருவேன்டி குட்டி.”

புதன்கிழமை அந்த “வேண்டாம்மா”. வியாழக்கிழமையும் அதே. புரட்டிப் படுக்கவைக்கலாம் என்று கை நீட்டினால் “தொடாதே, வலிக்குது.” உடம்பெல்லாம் ரணமாக இருக்கும்போது சிலர் இப்படிச் சொல்வதுண்டு, அவள் வற்புறுத்தவில்லை. ஆனால் படுக்கை காய்ந்து கிடந்தது. ரெண்டு நாளாக ஒரு சொட்டு சிறுநீர் இல்லை. ஐயாவின் மகளுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே. ஐயாவுக்கு ஏதாவது ஆனால் பழி தன் தலையில்தான் விழும், போலீஸ் அது இது என்று சனிக்கிழமையும் போய்விடும் என்று பயந்தாள்.

வேறு ஒன்றும் நடந்தது. ஐயா அறை மூலையில் நிரப்பிவைத்த வாளி பாதியாகிக்கொண்டே வந்தது. கட்டிலுக்கும் வாளிக்கும் நடுவே தரையில் ஒரு ஈரத்தடம், அகலமாக, வழவழவென்று. வாளி ஒழுகுகிறது என்று மாற்றிவைத்தாள். புது வாளியும் ஒழுகியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொட்டியில் கொடுக்கன் மல்லாந்து கிடந்தான்.

நாலைந்து நாளாக அவனும் சாப்பிடவில்லை, பானையைவிட்டு வெளியே வரவுமில்லை. அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. சமையல், துடைப்பு, துவைப்பு என்று வேலையை முடித்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு மேல் இஸ்திரிப் பெட்டியை இறக்கி, மூடியை நகர்த்தி, வலையால் அவனை அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டாள். கனமே இல்லை. கொடுக்கு, மீசை, கால் எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. தூக்கினால் தாள் மாதிரி. போனைத் தொட்டிப் பக்கத்து மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஐயாவின் அறைக்குப் போனாள்.

“ஐயா, கொடுக்கன் போயிட்டான்.”

போர்வை அசையவில்லை.

“போகலம்மா.” மெதுவான, கனிவான குரல். “நல்லாப் பாரு. முதுகுல பிளந்திருக்கும். உள்ள காலியா இருக்கும்.”

பார்த்தாள். தலைக்கும் வாலுக்கும் நடுவே பிளவு. உள்ளே ஒன்றுமில்லை. கண்ணிருந்த இடத்தில்கூட கண்ணாடி மாதிரி ரெண்டு கூடு.

“சட்டை மாத்தியிருக்கான்” என்றது குரல்.

அந்த வார்த்தை அவளுக்கு எங்கோ இடறியது. ஏன் என்று அவளுக்கு உடனே புரியவில்லை.

“உடம்பு பெருசாயிடுச்சுன்னா பழசு பத்தாது. கழட்டிப் போட்டுட்டு வெளிய வந்துடுவான். அப்ப மெத்துனு இருப்பான், யார் வேணா கடிச்சுத் தின்னுடலாம். அதான் பக்கத்துலயே எங்கயாவது இருட்டுல ஒளிஞ்சுக்குவான். ரெண்டு மூணு நாள் ஒண்ணும் பண்ண மாட்டான்.”

“அப்புறம் ஐயா?”

“அப்புறம் பசிக்கும்.”

வாளியில் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. அப்பா சட்டை மாத்திட்டாரா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. இன்னும் ரெண்டு மாசத்துக்குக் கவலையில்ல. ஐயாவின் மகள் போனில் கேட்டதை, தான் பெருமையாகச் சொன்ன பதிலை, ஒவ்வொரு வார்த்தையாக அவள் திரும்பக் கேட்டாள். புதன்கிழமையிலிருந்து ஐயா அசையாமல் கிடக்கிறார். இன்று வெள்ளி. விரல்விட்டு எண்ண வேண்டிய அவசியமில்லை.

அவள் போர்வையின் நுனியைப் பிடித்தாள். தூக்கக் கூடாது என்று உடம்பில் ஒவ்வொரு எலும்பும் சொன்னது. தூக்கினாள்.

வெள்ளைச் சட்டை. அவள் மாட்டிவிட்டதுதான். காலர்முதல் இடுப்புவரை கிழிந்திருந்தது. சட்டைக்குள் முதுகும் கிழிந்திருந்தது. அந்த நேர்கோட்டில், சுத்தமாக. உள்ளே காலி. ரத்தம் இல்லை, சதை இல்லை. காய்ந்த, மஞ்சளான, ஒரு ஆள் அளவுக் கூடு. கைவிரல்கள் பத்தும் நகத்தோடு இருந்தன. தொட்டதும் தலை அவள் பக்கம் உருண்டது. கண்ணிருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ரெண்டு கூடு.

“சட்டை மாத்தினவனை இந்த நேரத்துல பார்க்கக் கூடாதும்மா” என்றது குரல்.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

கிண்ணம் விழுந்தது. ஓடினாள். முட்டி வலித்தது, ஓடினாள். ஹால், வாசல், கேட். பூட்டு வெளிப்பக்கம். கம்பிக்குள் கை விட்டாள், எட்டவில்லை. குலுக்கினாள். கத்தினாள். கேட்டுக்கு வெளியே சந்து, சந்துக்கு அப்பால் உயரமான சுவர், சுவர்மேல் மஞ்சள் வெயில். எங்கோ ஒரு மோட்டார் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கத்தல் கரைந்தது. காலில் அந்தச் செருப்பு தட்டுப்பட்டது. முன்னால் இருந்த ஆயாவின் செருப்பு. அவள் எங்கேயும் போகவில்லை.

போன். தொட்டிப் பக்கத்தில்.

திரும்பினாள். ஹாலுக்குள் நாலு எட்டு வைத்திருப்பாள். ஐயாவின் அறைக்கதவு உள்ளேயிருந்து மெதுவாக அகலத் திறந்தது. ஈரமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம். சளப். நிறுத்தம். சளப். போன் இருக்கும் மேஜைக்கு அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்னால் பூட்டிய கேட். பக்கத்தில் அலமாரி.

கடைசிச் சட்டைக்குப் பின்னால் புகுந்து கதவை இழுத்துக்கொண்டாள். ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் மூடியது. மேலெல்லாம் துணி. கஞ்சி போட்ட துணியின் வாசம். வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடுகிறது தப்பும், மெதுவாகப் போகிறது தப்பாது. ஒளிய இடம் இருக்க வேண்டும். ஐயாவே சொன்னதுதான். இருக்கிறது. இடம் இருக்கிறது.

இடைவெளி வழியாகத் தொட்டி தெரிந்தது. மூடியை அவள் திரும்ப மூடவில்லை. ஆறு மீன்களும் ஓடவில்லை. மேல்மூலை ஒன்றில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன.

சளப்.

அது இடைவெளியைக் கடந்தது. முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிவிட்டாள். மூடுவதற்கு முன் பார்த்தது போதும். வெளிர் நிறம். வெந்து தோலுரித்த மாதிரி மினுமினுப்பு. ஆள் உயரத்தைவிட அதிகம்.

மூச்சை அடக்கினாள். ஐயாவின் மகள் நாளைக் காலையில் வருவாள். காலைவரை இப்படியே நிற்கலாம். பதினெட்டு வருஷம் இரவெல்லாம் நின்றிருக்கிறாள். நிற்கலாம்.

அப்போது மணி ஆறானது.

போன் அடித்தது. ஹால் முழுக்க. அடித்துக்கொண்டே இருந்தது. வேண்டாம்டி குட்டி. வச்சிடு. வச்சிடும்மா.

சளப். சளப். பொத்தானை அழுத்தும் சின்னச் சத்தம்.

“அம்மா?” ஸ்பீக்கரில் குட்டியின் குரல். “அம்மா, நான் பெட்டியெல்லாம் அடுக்கிட்டேன். நாளைக்கு வந்துடுவேல்ல?”

அந்தக் கனிவான குரல். இப்போது அது வயதான குரலாக இல்லை.

“அம்மாவா கண்ணு? அம்மா சட்டை அலமாரியில இருக்காங்க. இரு, கூப்பிடறேன்.”

அலமாரியின் இடது கோடிக் கதவு திறந்தது.

ஹேங்கர்கள் கம்பியில் நகர்ந்தன. ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லை. சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்கு. துணியை விரலால் நெருடிப் பார்த்து, தள்ளி, அடுத்தது. ஊறிப்போன வாடை நெருங்கியது. அவளால் கத்த முடியவில்லை. கத்தினால் குட்டி கேட்பாள்.

கடைசி ஹேங்கர் நகர்ந்தது.

ஈரமாக, எலும்பே இல்லாததுபோல் மெத்தென்று ஒரு கை அவள் இடது தோளில் பதிந்தது. அங்கிருந்து சாண் சாணாக, பிடரி வழியாக, வலது தோள்வரை அளந்து போயிற்று. தையல்காரர் கை. ஒரு நூல் பிசகவில்லை.

“பதினஞ்சு” என்றது. “இந்தத் தடவை பத்தும்.”

“அம்மா?” என்றது போன். “அம்மா, லைன்ல இருக்கியா?”